பரணில் தூங்கிய மடிக்கணினி

சகோதரிகளே, இந்த வாரம் சமையலறையை விட்டுப் பரணுக்கு ஏறப் போகிறோம். பித்தளை அண்டாவுக்கும் பழைய தொட்டிலுக்கும் நடுவே ஒரு மடிக்கணினி கிடக்கிறதா, பாருங்கள். 2011-ம் வருஷம் செப்டம்பர் 15-ந் தேதி, திருவள்ளூரை அடுத்த காக்களூரில் அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்தாரே, மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி, அந்த வகையைச் சேர்ந்ததாக இருக்கும். பிள்ளை படித்து முடித்து வேலைக்கும் போயிருப்பான். பெட்டி மட்டும் பரணில்!

அதே மாவட்டத்துத் திருத்தணியில் இருக்கிறாள் என் பெரியம்மா பெண். போன கிருத்திகைக்குப் போயிருந்தேன். 365 படிகளையும் ஏறி இறங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தால், அக்கா முகம் வாடியிருக்கிறது. அவளுக்கு ரவிக்கை தைக்கும் தொழில். இருபது வருஷத்து அளவுகள் எல்லாம் ஒரே நோட்டுப் புத்தகத்தில். அதைக் கரையான் தின்றுவிட்டது! பொங்கல் துணிகள் வந்து குவியும் நேரம். வாடிக்கைக்காரிகளை மறுபடியும் வரச் சொல்லி டேப்பைப் பிடித்தால், "என் அளவு உனக்குத் தெரியாதா?" என்று முகத்தைத் தூக்கிக்கொள்கிறார்களாம். நியாயம்தானே?

"இனிமேல் நோட்டு வேண்டாமடி. பரணில் பையனுடைய கம்ப்யூட்டர் இருக்கிறது" என்றாள் அக்கா.

இறக்கினோம், துடைத்தோம், மின்சாரம் ஏற்றினோம். உயிர் வந்தது. ஆனால் அதிலிருந்த விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றுபோயின. புதிய விண்டோஸைத் தாங்க அந்தப் பெட்டிக்குச் சக்தி கிடையாது. நினைவகம் இரண்டே ஜி.பி. இன்னொரு மூலையில் 'பாஸ்' என்று ஒன்றும் இருந்தது. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம் அது. சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கியது. லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. லினக்ஸுக்குக் காசு கிடையாது. அதன் உள்விவரம் முழுவதும் திறந்தே இருக்கும். தெரிந்தவர் யாரும் எடுத்து மாற்றி, பிறருக்கும் கொடுக்கலாம்.

அக்கா பிள்ளை பெங்களூரில் இருக்கிறான். போனில் கேட்டோம். "பாஸா? பள்ளிக்கூடத்திலே ஒரு நாள் திறந்தேன், சித்தி. ஒன்றும் புரியவில்லை, மூடிவிட்டேன். லினக்ஸ் எல்லாம் அம்மாவுக்குச் சரிப்படாது. புதுசாக ஒன்று வாங்கி அனுப்புகிறேன்" என்றான்.

அவன் மேல் தப்பில்லை. அவனுக்குப் பிடிக்காமல் போனது லினக்ஸ் அல்ல, அதன் முகப்பு. டெஸ்க்டாப் என்கிறார்களே, அதுதான். புதுமருமகள் புக்ககத்துச் சமையலறையில் நுழைந்தவுடன் தடுமாறுகிறாள். அடுப்பு அதே அடுப்பு, பருப்பு அதே பருப்பு. அஞ்சறைப் பெட்டி எந்தத் தட்டில், கரண்டி எந்த ஆணியில் என்பதுதான் தெரியவில்லை. விண்டோஸில் மாமியார் வைத்த இடத்தில்தான் கரண்டி இருக்கும். லினக்ஸில் தட்டையும் ஆணியையும் நீங்களே மாற்றிக்கொள்ளலாம். உள்ளே ஓடுவது மாறாது. நீங்கள் எழுதிய கணக்கும் கடிதமும் அப்படியே இருக்கும். இதை அந்தப் பிள்ளைகளுக்கு யார் எடுத்துச் சொன்னார்கள்?

முகப்புகள் ஒன்றா, இரண்டா! 1996-ல் ஜெர்மனியில் மத்தியாஸ் எட்ரிச் என்ற மாணவர் கேடிஇ-யைத் தொடங்கினார். அது சார்ந்திருந்த ஒரு பகுதியின் உரிமம் முழுச் சுதந்திரமானதல்ல என்று மனத்தாங்கல் கொண்ட இரண்டு மெக்ஸிகோ இளைஞர்கள் 1997-ல் குனோமை ஆரம்பித்தார்கள். 2011-ல் குனோம் தன் அமைப்பைத் தலைகீழாக மாற்றியது. லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸே கோபித்துக்கொண்டு எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய முகப்புக்குக் குடிபோனார்! பழைய குனோமை விட மனமில்லாதவர்கள் அதையே 'மாத்தே' என்று வளர்த்தார்கள். தென்னமெரிக்காவில் குடிக்கும் ஒரு பச்சிலைப் பானத்தின் பெயர் அது. லினக்ஸ் மின்ட் என்ற கூட்டத்தார் 'சின்னமன்' என்று ஒன்று செய்தார்கள். சின்னமன் என்றால் நம் இலவங்கப்பட்டைதான். அஞ்சறைப் பெட்டி என்று நான் சொன்னதில் என்ன தவறு?

எதைத் தேர்ந்தெடுப்பது? கடைக்காரரைக் கேட்காதீர்கள், பிள்ளையையும் கேட்காதீர்கள். புடவையைத் தோளில் போட்டுப் பார்த்து எடுப்பது போல இதையும் பார்க்கலாம். லினக்ஸை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை இயக்கலாம். பெட்டிக்குள் இருப்பது எதுவும் கலையாது. பிடிக்கவில்லையா, அணைத்துவிட்டுப் பென்டிரைவை உருவிவிடுங்கள். பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண் மூன்று பென்டிரைவில் மூன்று விதம் போட்டுக் கொண்டுவந்தாள். அக்கா தலையை முடிந்துகொண்டு உட்கார்ந்தாள்.

முதலில் குனோம். பார்க்க அழகுதான். "மெனு எங்கே? சின்னதாக்கும் பொத்தான் எங்கே?" என்றாள் அக்கா. அதில் மூடும் பொத்தான் மட்டும்தான் முதலில் கண்ணில் படும். மற்றதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். அக்காவின் இரண்டு ஜி.பி. பெட்டி அதை இழுக்க முடியாமல் திணறிற்று. புதிய கணினி உள்ளவர்கள் அவசியம் பாருங்கள், கண்ணுக்குக் குளிர்ச்சி.

அடுத்து கேடிஇ. வேண்டியதெல்லாம் இருக்கிறது, வேண்டாததும் இருக்கிறது. நிறம் மாற்றலாம், பட்டையை மேலே கீழே நகர்த்தலாம். எனக்கு மிகவும் பிடித்தது. அக்கா கால் மணி நேரம் அமைப்புகளுக்குள் சுற்றிவிட்டு, "ஒரு ரவிக்கை தைத்திருப்பேன், போடி" என்று எழுந்துவிட்டாள்.

மூன்றாவது, லினக்ஸ் மின்டில் எக்ஸ்எஃப்சிஇ. கீழே ஒரு பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம். ஆடம்பரம் கிடையாது. அந்தப் பழைய பெட்டியும் மூச்சு வாங்காமல் ஓடிற்று. அக்கா அட்டவணை ஒன்றைத் திறந்தாள். லிப்ரே ஆபீஸ்தான், எந்த முகப்பிலும் அதேதான். தோள், கை, மார்பு, நீளம் என்று தலைப்புப் போட்டாள்.

இங்கேதான் திருத்தணிக்கே உரிய சிக்கல். இந்த ஊர் 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. எல்லைக் கோடு நகர்ந்தாலும், நகரியிலிருந்து வரும் பெண்களுக்கு அக்காவிடம்தான் ரவிக்கை. அவர்கள் பெயரைத் தெலுங்கில் எழுதிக் காட்டினால்தான் தங்கள் அளவு என்று நம்புவார்களாம். ஆகவே தமிழும் வேண்டும், தெலுங்கும் வேண்டும், ஒரே பக்கத்தில்!

இதற்கு 'இன்ஸ்கிரிப்ட்' என்ற விசைப்பலகை முறை கைகொடுத்தது. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக அமைத்தது அது. தமிழில் 'க' எந்த விசையோ, தெலுங்கிலும் 'க' அதே விசைதான். ஒரு மொழியில் விரல் பழகினால் மற்றதும் பாதி வந்துவிடும். தமிழ் மட்டும் எழுதுகிறவர்களுக்குத் தமிழ்99 இன்னும் சுலபம். அக்காவுக்கு அது போதாது. இரண்டு மொழியையும் சேர்த்து, மாற்றுவதற்கு ஒரு பொத்தானும் வைத்தோம். ஒரு குறை உண்டு. எந்த மொழி ஓடுகிறது என்று காட்டப் பட்டையில் ஒரு கொடி வரும்; இரண்டும் நம் நாட்டு மொழி ஆயிற்றே, இரண்டுக்கும் ஒரே மூவர்ணக்கொடி! அக்கா ஓர் எழுத்தைத் தட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறாள். மெனுவும் பாதி தமிழ், பாதி ஆங்கிலம். தமிழாக்குகிறவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு இரண்டு ருசி இருந்தால், ஒரே கணினியில் இரண்டு முகப்புகளை வைத்து, நுழையும்போது வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் மெனு கலந்து கட்டியாகிவிடும். நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இன்னொன்று: நிரந்தரமாக ஏற்றும் முன், பழைய போட்டோக்களையும் பிள்ளையின் சான்றிதழ் நகல்களையும் வேறு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். ஏற்றும்போது எல்லாம் அழிந்துபோகலாம்.

அன்று இரவு பிள்ளை போன் செய்தான். "அம்மா, அதை விட கேடிஇ போட்டிருக்கலாமே, பார்க்க நன்றாக இருக்குமே" என்றான்.

"பெங்களூரில் உன் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளடா. இது என்னுடையது" என்று சொல்லிவிட்டு, அக்கா நகரிப் பெண்களின் வரிசையில் பதினேழாவது பெயரை அடிக்க ஆரம்பித்தாள்.