கேட்காமல் விட்ட கதை

இந்த விடுமுறையில் மூன்று நாவல்கள் படித்தேன். தமிழ்ப்பள்ளியோடு நின்றுபோன என் தமிழுக்கு அதுவே பெரிய ஓட்டம். 'பொன்னியின் செல்வன்' சுவைதான். ஆனால் ஐந்து பாகம் அதிகம் என்பேன், சீனியர்கள் கோபிக்கட்டும். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை ஜீனோ என்ற இயந்திர நாய்க்காகவே ஒரே இரவில் முடித்தேன்.

ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' அப்படி ஓடவில்லை. 1942-43இல் ஜப்பானியர் நம் தோட்டத்து மக்களைச் சயாம்–பர்மா ரயில் பாதை போட ஏற்றிச்சென்ற கதை. பாதியில் மூடிவிட்டுப் பாட்டிக்குப் போன் செய்தேன். "என் தாய்மாமனும் போனாருய்யா, திரும்பல" என்றார். பெயர் கேட்டேன். நினைவில்லை.

வந்தியத்தேவனின் குதிரை போன வழியைப் பற்றி நள்ளிரவுவரை வாதாடும் நம் விடுதியில், இந்த நாவலைப் படித்தவர் ஒருவரையும் நான் காணவில்லை. என் பிரதி அறையில்தான் இருக்கிறது. முதலில் கேட்பவருக்குத் தருகிறேன்.