பிடிவாதம் என்று பெயரிட வேண்டாம்

கூப்பிட்டால் திரும்பிப் பாராத பிள்ளை, மணியோசைக்குக் காதைப் பொத்தி அழும் பிள்ளை, கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்லும் பிள்ளை. இத்தகைய பிள்ளை முதலாம் தரத்துக்கு வந்தால் எமது ஆசிரியர்கள் பலர் ‘பிடிவாதம்’ என்கிறார்கள். அல்லது தாயின் வளர்ப்பைக் குறை கூறுகிறார்கள். ஓட்டிசம் என்ற சொல்லை அறிந்தோர் உண்டு. வகுப்பறையில் அதை இனங்காணத் தெரிந்தோர் குறைவு.

இது வளர்ப்பின் பிழையன்று. மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு. இலங்கையின் புறநகர்ப் பகுதியொன்றில் 18 முதல் 24 மாதப் பிள்ளைகளிடையே நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ 93 பேருக்கு ஒருவரிடம் இதனைக் கண்டது. அப்படியானால் 200 பிள்ளைகள் படிக்கும் பாடசாலையில் ஓரிருவராவது இருக்கக்கூடும்.

பிரம்பு இப்பிள்ளைகளின் பயத்தையே கூட்டும். அன்றைய வேலைகளை ஒழுங்காகக் காட்டும் படங்கள், சுருக்கமான வசனங்கள், மாற்றம் வருமுன் ஓர் அறிவித்தல், சத்தம் குறைந்த ஓர் இருக்கை ஆகியன உதவும். இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை.

ஐந்து முதல் 16 வயதுவரை கல்வி கட்டாயம் என்கிறது எமது சட்டம். ‘வேறெங்காவது சேருங்கள்’ என்று பெற்றோரைத் திருப்பி அனுப்பினால், கிராமத்தில் அப்பிள்ளைக்கு எஞ்சுவது வீட்டு மூலையே. ஆசிரியர்களை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. கற்பிக்கப்படாததை அவர்கள் எவ்வாறு அறிவர்? கல்வியியற் கல்லூரிகளும் வலயக் கல்வி அலுவலகங்களும் இதனை ஒவ்வோர் ஆரம்பப் பிரிவு ஆசிரியருக்கும் கற்பிக்க வேண்டும். அதுவரை, தண்டிக்குமுன் ஒரு கணம் ‘ஏன்?’ என்று கேட்போம்.