வரிசை மாறலாம், வரி பிரியலாகாது

நமது சங்கங்கள் பலவற்றில் பேரேட்டின் இடத்தை இன்று எக்செல் அட்டவணை பெற்றுவிட்டது. அதனால் விளைந்த நன்மையை மறுப்பாரில்லை. முந்நூறு அங்கத்தினரின் கணக்கைப் பாக்கித் தொகை வாரியாக அடுக்க முன்பு ஒரு குமாஸ்தாவுக்கு ஒரு நாள் வேண்டும்; இன்று ஒரு நொடி போதும். ஆனால், அந்த ஒரு நொடியில் நேரக்கூடிய தீங்கும் சிறிதன்று.

சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் சங்கத்தில், பெருந்தொகை மேலே வரும்படி கூலி பாக்கிப் பத்தியை மட்டும் தேர்ந்து அடுக்கிவிட்டனர். தொகைகள் இடம் மாறின. பெயர்கள் நின்ற இடத்திலேயே நின்றன. ஒருவருடைய கூலி மற்றொருவர் பெயருக்கு எதிரே போய் அமர்ந்தது. அடியிலிருந்த மொத்தமோ ஒரு பைசாவும் மாறவில்லை. ஆகவே, சரிபார்த்தவர் கண்ணுக்குப் பிழை புலப்படவில்லை. தம் கூலி குறைந்ததென்று ஒரு நெசவாளர் முறையிட்ட பின்னரே உண்மை வெளிப்பட்டது.

ஒரு பத்தியை மட்டும் அடுக்க முற்படும்போது, அடுத்த பத்திகளையும் சேர்க்கலாமா என்று எக்செல் கேட்கத்தான் செய்கிறது. அவசரத்தில் அதனைப் படியாது வேண்டாமென்போர் உண்டு. இடையில் ஒரு பத்தி முழுதும் வெறுமையாய் இருந்தாலோ, அப்பாலுள்ளதை வேறு அட்டவணையாகவே கருதி, கேளாமலே விட்டுவிடக்கூடும். தொகைகள் எண்ணாக அன்றி எழுத்தாகப் பதிந்திருப்பின், ஏறுவரிசையில் 200க்கு முன்னே 1000 வந்து நிற்கவும் கூடும்.

ஆகையால் நிர்வாகக் குழுவினர் சில விதிகளை வகுத்தல் அவசியம். அடுக்குமுன் அட்டவணைக்கு ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும். முதற்பத்தியில் வரிசை எண் இருக்க வேண்டும். முழு அட்டவணையையும் பழைய ஒழுங்கிற்குக் கொணர அது உதவும். அடுக்கியபின் ஐந்தாறு அங்கத்தினரின் வரிகளையேனும் அவர்தம் பாஸ் புத்தகங்களோடு ஒப்பிட வேண்டும். மொத்தம் சரியாயிருப்பது ஒன்றே போதிய சான்றாகாது.

இது வீண் வேலை என்பார் சிலர். பாவில் ஓர் இழை இடம் மாறினால் துணியிலேயே தெரிந்துவிடும். அட்டவணையில் அவ்வாறு தெரிவதில்லை. நெசவாளரின் கூலியாயினும், விவசாயியின் விளைபொருட்கிரயமாயினும், உரியவர் பெயரை விட்டுத் தொகை பிரியாமல் காப்பது சங்கத்தின் முதற்கடமை. அதற்குச் செலவிடும் கால் மணி நேரம் வீணாகாது.