யார் கடைசியில சாப்பிட்டாங்கன்னு பல்லு சொல்லும்

கொடுமணல் கேள்விப்பட்டிருப்பீங்க. நம்ம சென்னிமலைப் பக்கம், நொய்யல் கரை. 1985 முதல் நடந்த அகழாய்வுகள்ல ஒரே ஒரு கல்லறையில மட்டும் 2,220 சூதுபவள மணிகள் கிடைச்சுது. எல்லாக் கல்லறையிலும் அப்படி இல்லை. ஆக, 2,000 வருஷத்துக்கு முன்னாடியே கொங்கு மண்ணுல இருக்கப்பட்டவங்க, இல்லாதவங்க இருந்திருக்காங்க.

ஆனா மணி சொல்றது வீட்டுக்கு வீடு இருந்த வித்தியாசத்தை. ஒரே வீட்டுக்குள்ள யாருக்குச் சோறு கம்மியாச்சுன்னு அது சொல்லாது. அதுக்குப் பல்லைத்தான் பார்க்கணும்.

ஏன் பல்லு? எலும்பு வாழ்நாள் பூரா தன்னைப் புதுப்பிச்சுக்கும். பல்லு மேல இருக்கிற எனாமல் அப்படி இல்லைங்க, ஒரு தடவை உருவானா அவ்வளவுதான். அது உருவாகும்போது குழந்தை பட்டினி கிடந்தாலோ, கடுமையான நோய்ல விழுந்தாலோ, எனாமல் வளர்ச்சி கொஞ்ச நாள் தடைபடும். அந்த இடம் பல்லுக்குக் குறுக்கே ஒரு பள்ளக் கோடா நின்னுடும். கோடு எந்தப் பல்லுல, எந்த உயரத்துல இருக்குன்னு வச்சு எந்த வயசுல நடந்ததுன்னுகூட ஓரளவு சொல்லலாம். (பல் டாக்டர் நண்பர்கள் பொறுத்துக்கணும், நான் எம்பிபிஎஸ்தான்.)

ஜான் லூக்காக்ஸ்னு ஒரு அமெரிக்க மானிடவியலாளர், ஹரப்பா கல்லறைகள்ல கிடைச்ச பற்களை ஆராய்ஞ்சு 1992-ல எழுதினார். 4,000 வருஷத்துக்கும் மேல பழைய பற்கள். கோதுமை, பார்லி விளைஞ்ச ஊர், தானியச் சாப்பாடு அதிகம். சொத்தையும் அதிகம். அதுலயும் பெண்களுக்குத்தான் கூடுதல். இதுக்குச் சாப்பாடு மட்டுமில்ல, கர்ப்ப காலத்துல உமிழ்நீர் மாறுறதும் காரணமா இருக்கலாம்.

ஆனா சின்ன வயசுக் கோடுகளும் பெண்கள் பல்லுலதான் கூடுதலா இருந்துது. மூணு வயசுப் பிள்ளைக்குக் கர்ப்பத்தைக் காரணம் காட்ட முடியாதுல்ல? ஆண் பிள்ளைகளை அதிகமா கவனிச்சிருக்கலாம்னு அவர் சந்தேகப்பட்டார்.

அதே 1992-லதான் நம்ம சேலத்துல தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கினாங்க. எதுக்காகன்னு உங்களுக்கே தெரியும்.

இன்னைக்கு அவ்வளவு கொடூரம் இல்லைன்னு சொல்வீங்க. சரி. ரத்தசோகையோட வர்ற கர்ப்பிணிகள்கிட்ட "எப்பம்மா சாப்பிடுவீங்க?"ன்னு கேட்டா, "எல்லாரும் சாப்பிட்ட பொறகுங்க"ன்னுதான் பெரும்பாலும் பதில் வருது. வயித்துல இருக்கிற குழந்தைக்குப் பால்பல் நாலாவது மாசமே உருவாக ஆரம்பிச்சுடும். தையனுக்கு முட்டை, அம்மணிக்குக் குழம்புன்னு பிரிக்கிற வீடுகள் இன்னும் இருக்குங்க. பைக்கும் மாடி வீடும் இருக்கிற குடும்பத்துலயே பார்க்கிறேன்.

2022-ல தொடங்கின காலை உணவுத் திட்டத்தை நான் மனசாரப் பாராட்டுறேன். ஆனா கணக்கைப் பாருங்க. நிலையான முதல் கடைவாய்ப்பல்லோட எனாமல் பிறந்ததுல இருந்து மூணு வயசுக்குள்ள முடிஞ்சுடும். முன்பல் நாலஞ்சு வயசுக்குள்ள. ஒண்ணாங்கிளாஸ் தட்டு வர்றதுக்குள்ள பெரும்பகுதி எழுதியாச்சு. அதனால என் கருத்து இதுதான்: அடுத்த ரூபாய் கர்ப்பிணிக்கும் அங்கன்வாடிக்கும் போகணும். பள்ளிக்கூடத் திட்டத்துக்குக் கிடைக்கிற வெளிச்சத்துல பாதிகூட அங்கன்வாடிக்கு இல்லை. அதைக் கேக்கிற ஆளும் கம்மி.

உடனே கண்ணாடி முன்னாடி போய் நின்னு பயந்துடாதீங்க. கோடு இருந்தாலே பட்டினின்னு அர்த்தம் இல்லை, குழந்தைல வந்த கடும் காய்ச்சலும் கோடு போடும். தர்மபுரி, சேலம் பக்கம் தண்ணியில ஃப்ளோரைடு கூடின ஊர்கள்ல வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் வரும், அது வேற கதை.

உங்க பிள்ளைக்குப் பள்ளக் கோடு இருந்தா அது தானா மறையாது, அங்க சொத்தை சீக்கிரம் பிடிக்கலாம். அரசு மருத்துவமனை பல் பிரிவுல காட்டுங்க. போறப்ப, வீட்டுல கைக்குழந்தை இருந்தா அதையும் தூக்கிட்டுப் போய் எடை பார்த்துட்டு வாங்க.