டர்போவுக்கும் ஒரு பி.பி. மீட்டர்!

சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரி டிரைவர்களைக் கவனிச்சிருக்கீங்களா? ஸ்டார்ட் பண்ணின உடனே கிளம்ப மாட்டாங்க. டேஷ்போர்டுல இருக்கிற ஏர் மீட்டரைப் பார்ப்பாங்க. முள் ஏறினாத்தான் வண்டி நகரும். ஏர் இல்லைன்னா பிரேக் நம்ம பேச்சைக் கேட்காதே! திருச்செங்கோடு போர்வெல் வண்டியிலயும் இதே கதைதான். கம்ப்ரஸர் மீட்டர் மேல ஒரு கண்ணு இருந்துக்கிட்டே இருக்கும். ஆக, காத்தை அளந்து பார்த்து வேலை செய்யறது நம்ம கொங்கு மண்ணுக்குப் புதுசு இல்லீங்க.

அதே காத்தை கார்ல அளக்குற மீட்டர்தான் இந்த வார மேட்டர். பேரு, பூஸ்ட் கேஜ்.

முதல்ல டர்போ. சைலன்ஸர் வழியா வீணாப் போற புகையோட வேகத்துல ஒரு சக்கரம் சுத்தும். அதே தண்டுல இருக்கிற இன்னொரு சக்கரம் வெளிக்காத்தை அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளும். காத்து அதிகம் போனா, அதுக்கேத்த மாதிரி எரிபொருளும் அதிகம் போகும். சின்ன இன்ஜின் பெரிய இன்ஜின் மாதிரி இழுக்கும். நம்ம கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் கைகோத்துக் கொண்டுவந்த டியாகோ ஜே.டி.பி. ஞாபகம் இருக்கா? 2018 அக்டோபர்ல வந்தது. வெறும் 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், ஆனா 114 குதிரை சக்தி! 2020-ல விற்பனை நின்னுபோச்சு. ஆனாலும் நம்ம ஊரு பசங்க மனசுல இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு.

டர்போ எவ்வளவு அழுத்தத்துல காத்தைத் தள்ளுதுன்னு காட்டுறதுதான் பூஸ்ட் கேஜ். பல கார்கள்ல கம்பெனியே இதைக் கொடுக்கறது இல்லை. வெளியில வாங்கித்தான் மாட்டணும்.

மீட்டர் ரெண்டு வகை. மெக்கானிக்கல் வகையில இன்ஜின்ல இருந்து ரப்பர் ஹோஸ் நேரா டேஷ்போர்டு வரைக்கும் வரும். எலெக்ட்ரானிக் வகையில சென்சார் பானெட்டுக்குள்ளேயே இருக்கும், உள்ளே வயர் மட்டும் வரும். காசு கொஞ்சம் கூட ஆனாலும் ரெண்டாவதுதான் நிம்மதி.

எங்கே இணைக்கணும்? இங்கதான் நிறைய பேர் சொதப்புவாங்க. பெட்ரோல் கார்னா, த்ராட்டில் பாடியைத் தாண்டி இன்டேக் மேனிஃபோல்டுல இருந்து கிளம்புற சின்ன ஹோஸ்ல ஒரு 'டீ' ஜாயின்ட் போடணும். பிரேக் சர்வோவுக்குப் போற ஹோஸைத் தொடவே கூடாது. அதுல லீக் வந்தா பிரேக் மிதிக்கவே கஷ்டமாயிடும். டீசல் கார்கள்ல அந்த ஹோஸ் பொதுவா வேக்குவம் பம்ப்ல இருந்து வரும். அங்கே மாட்டினா மீட்டர் பூஸ்ட்டைக் காட்டவே காட்டாது. அதனால ஒர்க்ஷாப்ல கூச்சப்படாம கேளுங்க: "ஏனுங்ணா, எந்த ஹோஸ்ல டீ போடறீங்க?" நல்ல மெக்கானிக்கா இருந்தா, "இங்க வா தம்பி"ன்னு கூப்பிட்டுக் காட்டுவார்.

இன்ஜின் ஆறின பிறகுதான் கை வைக்கணும். முதல்ல பேட்டரி நெகட்டிவைக் கழட்டிடணும். வயரை உள்ளே கொண்டுவர ஓட்டை போட வேண்டாம்; ஏற்கெனவே வயர் வர்ற ரப்பர் குரோமெட் வழியாவே விடலாம். ஹோஸோ வயரோ டர்போ பக்கம் போகவே கூடாது, உருகிடும். கரன்ட், சாவி போட்டா மட்டும் வர்ற லைன்ல இருந்து ஃபியூஸ் வழியா எடுக்கணும். கண்ணாடி ஓரத் தூண்ல மாட்டினா பந்தாவா இருக்கும்தான். ஆனா கர்ட்டன் ஏர்பேக் இருக்கிற கார்ல அந்த இடம் வேண்டவே வேண்டாம். விபத்து நேரத்துல பை விரியறப்போ மீட்டர் மூஞ்சியில பாயும்.

வாரன்ட்டி இருக்கிற கார்னா முதல்ல சர்வீஸ் சென்டர்ல கேட்டுக்கோங்க. எதையும் வெட்டாம பார்க்க ஒரு வழியும் இருக்கு. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற ஓ.பி.டி. சாக்கெட்ல ஒரு சின்ன ரீடர் செருகினா, மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பல கார்கள்ல செல்போன்லயே பார்க்கலாம். அது வெளிக்காத்தோட அழுத்தத்தையும் சேர்த்துக் காட்டும். கோவையில அது சுமார் 96 கிலோபாஸ்கல். 176-னு காட்டினா, 96-ஐக் கழிச்சு 80. அதாவது 0.8 பார் பூஸ்ட். அவ்வளவுதான் கணக்கு!

மாட்டியாச்சு. இனி படிக்கணும். இன்ஜின் ஆஃப்ல முள் பூஜ்யத்துல நிக்கணும். பெட்ரோல் கார் ஐடிலிங்ல பூஜ்யத்துக்குக் கீழே, சுமார் மைனஸ் 0.6, 0.7 பார் காட்டும். டீசல்ல பூஜ்யத்தை ஒட்டியே இருந்தாலும் பயப்படாதீங்க, அது அதோட இயல்பு. பெட்ரோல் கார் ஐடிலிங்ல தடுமாறுது, 'உஸ்'னு சத்தம் வருதுன்னா டீ ஜாயின்ட்டை முதல்ல பாருங்க.

இப்போதான் முக்கியமான விஷயம். பூஸ்ட் கேஜ் ஒரு குதிரை சக்தியைக்கூட ஏத்தாது. அது பி.பி. மீட்டர் மாதிரி. உங்க அப்பாவோட நார்மல் என்னன்னு தெரிஞ்சாத்தான் இன்னிக்கு ஏறியிருக்கா, இறங்கியிருக்கான்னு டாக்டர் சொல்ல முடியும். கார் நல்லா இருக்கிற முதல் வாரத்துலயே குறிச்சு வைங்க: இதே ரோடு, இதே கியர், முழு ஆக்ஸிலரேட்டர், முள் எங்கே நின்னுச்சு? குறிக்கிற வேலை பக்கத்து சீட்ல இருக்கிறவருக்கு. உங்க கண்ணு ரோட்டுல! ஆறு மாசம் கழிச்சு அதே இடத்துல முள் கம்மியா நின்னா, இன்டர்கூலர் ஹோஸ் கிழிஞ்சிருக்கலாம், கிளாம்ப் லூஸா இருக்கலாம். டீசல்னா கறுப்புப் புகையும் வரும். பழக்கத்தைவிட அதிகமா ஏறினா இன்னும் ஆபத்து. பூஸ்ட்டை அடக்கி வைக்கிற வேஸ்ட்கேட் ஒட்டிக்கிட்டிருக்கலாம். டர்போ போறதுக்கு முன்னாடி ஒரு ஹோஸோட முடிஞ்சா எவ்வளவு மிச்சம்!

ஊட்டிக்குப் போறீங்களா? குறிச்ச நம்பரை அங்கே அப்படியே ஒப்பிடாதீங்க. 2,240 மீட்டர் உயரத்துல வெளிக்காத்து அழுத்தம் சுமார் 77 கிலோபாஸ்கல்தான். கோவையில 0.8 பார் காட்டினா மொத்தம் 1.76. ஊட்டியில அதே 0.8-க்கு 1.57 தான். முள் ஒண்ணு, காத்து கம்மி. ஐடிலிங் வேக்குவமும் குறைஞ்சு தெரியும். ரிப்பேர்னு நினைச்சு மேட்டுப்பாளையம் வந்ததும் ஒர்க்ஷாப்பைத் தேடாதீங்க.

கடைசியா ஒண்ணு. மீட்டர் மாட்டின பத்தாவது நாள், "ரீமேப் பண்ணி இன்னும் கொஞ்சம் ஏத்தலாமே மாப்ளே"ன்னு ஒரு குரல் கேட்கும். சில சமயம் ஃப்ரெண்டோட குரல், பல சமயம் நம்ம குரலேதான். பூஸ்ட் ஏறினா சிலிண்டர்ல சூடும் அழுத்தமும் ஏறும். அதுக்கேத்த எரிபொருள், ஸ்பார்க் டைமிங், கூலிங் இல்லைன்னா இன்ஜின் 'நாக்' அடிக்கும், பிஸ்டன் போயிடும். அதுக்குப் பிறகு அப்பாகிட்ட என்ன சொல்லுவீங்க? அதுக்கெல்லாம் மீட்டர் கிடையாது பாஸ்!