பதிவேட்டில் ஏறாத பொருட்கள்

யாழ்ப்பாணத்து ஓவியர் தா.சனாதனன் 2004-ல் அந்த ஊர் வீடுகளில் இருந்து பொருட்களைத் திரட்டினார். விலை உயர்ந்த பொருட்கள் அல்ல. அந்தந்த வீட்டாருக்கு ஏதோ ஒரு நினைவைத் தாங்கி நின்ற சாதாரணப் பொருட்கள். நூற்றுக்கணக்கான வீடுகளில் இருந்து வந்த அவற்றை யாழ்ப்பாணம் பொது நூலகத்தில் காட்சிக்கு வைத்தார். 1981-ல் எரிக்கப்பட்டு, பிறகு திருப்பிக் கட்டப்பட்ட அதே நூலகம். நூல்கள் சாம்பலான இடத்தில் மக்களின் கைப்பொருட்கள் வரலாறாக வந்து அமர்ந்தன.

2011-ல் அவர் ஒரு புத்தகம் வெளியிட்டார். போரில் இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்களிடம், இழந்த வீட்டை நினைவில் இருந்து வரைந்து தரச் சொன்னார். ஓவியம் படித்தவர்கள் அல்ல அவர்கள். இது திண்ணை, இது கிணறு, இது மாமரம் என்று தெரிந்த அளவுக்குக் கோடு போட்டார்கள். அதை வைத்துக் கட்டடக் கலைஞர் ஒருவர் அளவான வரைபடம் போட்டார். அந்த நினைவுக்குச் சனாதனன் தன் பங்காக ஓர் ஓவியம் வரைந்தார். மூன்றும் சேர்ந்து ஓர் அலுவலகக் கோப்பு போலத் தொகுக்கப்பட்டன. ‘முடிவுறாத தோம்பு’ என்று பொருள்படும் தலைப்பு அதற்கு. தோம்பு என்பது போர்த்துக்கேயர், டச்சுக்காரர் காலத்து நிலப் பதிவேடு. நம் கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் ‘அ’ பதிவேடு மாதிரி. யாருக்கு எந்த நிலம் என்று அரசாங்கம் எழுதி வைக்கும் கணக்கு. அரசாங்கக் கணக்கு விட்டுப்போன இடத்தை மக்களே வரைந்து நிரப்பினார்கள் என்பதுதான் அந்தத் தலைப்பின் பொருள்.

இந்தப் பகுதியை வாசிப்பவர்களுக்கு இங்கே ஒரு கேள்வி எழும். நிலமே இல்லாதவர் எந்தத் தோம்பில் இருப்பார்?

யாழ்ப்பாணத்திலும் அதுதான் நிலை. காலங்காலமாக அடுத்தவர் காணியில் குடியிருந்த ஒடுக்கப்பட்ட சாதி மக்களுக்கு, இடம்பெயர்ந்த பிறகு திரும்பிப் போகச் சொந்த நிலம் இல்லை. போர் முடிந்த பிறகும் யாழ்ப்பாணத்து முகாம்களில் நெடுங்காலம் தங்கியிருந்தவர்களில் பெரும்பாலோர் அவர்களே என்பதை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். நம் பக்கமும் வேறு இல்லை. 1892-ல் பிரிட்டிஷ் அரசு நம் மக்களுக்கு என்று ஒதுக்கிய பஞ்சமி நிலம், பதிவேட்டில் ஏறிய பிறகும் கைமாறிப் போனது. நிலத்தைச் சொல்லி வரலாறு எழுதினால் நமக்கு ஒரு பக்கம்கூடத் தேறாது. பொருளைச் சொல்லி எழுதினால்?

பொருளும் மறுக்கப்பட்ட காலம்

1930-ல் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிட மக்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931-ல் அது பதினொன்று ஆனது. அந்த ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பொறுப்பாக இருந்த ஜே.எச்.ஹட்டன் அதைப் பதிவு செய்திருக்கிறார். தங்க, வெள்ளி நகை போடக் கூடாது. சட்டை, பனியன் போடக் கூடாது. பெண்கள் பூ வைக்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. தானியக் குதிர்கள் நாசமாக்கப்பட்டன. ஆடு மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன.

இது ஒரு மாவட்டத்தோடு நின்றதும் அல்ல. 1936-ல் வெளியான ‘சாதி ஒழிப்பு’ உரையில் அம்பேத்கர், குஜராத்தின் ஜானு கிராமத்தைப் பற்றிச் சொல்கிறார். அங்கே கொஞ்சம் வசதியான தீண்டப்படாத குடும்பத்துப் பெண்கள் உலோகக் குடத்தில் தண்ணீர் எடுக்கத் தொடங்கினார்கள். அதற்காக அவர்கள் தாக்கப்பட்டார்கள். குடம் ஒன்றுதான். மண் குடமாக இருக்கும்வரை யாருக்கும் கோபம் வரவில்லை. அது உலோகமானதும் வந்தது.

ஆகவே நம் வீட்டுப் பரணில் கிடக்கும் பித்தளை அண்டாவைச் சும்மா அண்டா என்று நினைக்கக் கூடாது. தடை இருந்த ஊரில், தடையை மீறி வாங்கிய முதல் பாத்திரமாக அது இருக்கலாம். யார் வாங்கியது, எந்த ஆண்டு, எத்தனை நாள் கூலியில், அன்று ஊரில் யார் என்ன சொன்னார்கள்? இதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அந்த அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்த பாட்டிக்கு மட்டுமே தெரியும்.

அடித்தவர்களுக்குத் தெரிந்திருந்தது

நாடு விடுதலை அடைந்து, சட்டம் வந்த பிறகும் பொருட்கள் மீதான கோபம் தீரவில்லை. 1995 ஆகஸ்ட் 31 அன்று தூத்துக்குடி அருகே கொடியன்குளத்துக்குள் நூற்றுக்கணக்கான போலீஸார் புகுந்தார்கள். அந்த ஊர் இளைஞர்கள் பலர் வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துச் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் வீடுகள் நிமிர்ந்திருந்தன. தொலைக்காட்சிப் பெட்டி, மின்விசிறி, தையல் இயந்திரம், வண்டி என்று தேடித் தேடி உடைக்கப்பட்டன. கல்விச் சான்றிதழ்களும் பாஸ்போர்ட்டுகளும் அழிக்கப்பட்டன. மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளில் இவை பதிவாகியுள்ளன.

2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுத் தீக்கிரையாயின. பீரோ உடைக்கப்பட்டு நகையும் பணமும் போயின. இருசக்கர வாகனங்கள் எரிந்தன. இங்கேயும் சான்றிதழ்கள் எரிந்தன.

எந்தப் பொருளில் ஒரு குடும்பத்தின் முன்னேற்றம் அடங்கியிருக்கிறது என்று அடிக்க வந்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால்தான் தையல் இயந்திரத்தை உடைத்தார்கள். அதனால்தான் மதிப்பெண் சான்றிதழைக் கொளுத்தினார்கள். நம் பொருட்களின் மதிப்பை அவர்கள் அறிந்த அளவுக்கு நாம் பதிவு செய்து வைத்திருக்கிறோமா என்பதே என் கேள்வி.

இழப்பீட்டுக் கணக்கு எழுதும்போது பீரோவுக்கு ஒரு விலை போடலாம். இறந்துபோன அப்பாவின் ஒரே புகைப்படத்துக்கு என்ன விலை போடுவது? முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த புடவைக்கு?

எதை வரைவது, யார் சொல்வது?

ஓர் ஓவியர் தெருவுக்கு வந்து, வீட்டுக்கு ஒரு பொருளைக் கேட்டு வாங்கிப் பார்த்து வரைந்து, அதன் கதையைப் பக்கத்தில் எழுதுவது இன்று பல நாடுகளில் நடக்கும் ஒரு சமூகக் கலை முயற்சி. அது நம் குடியிருப்புகளுக்கும் வர வேண்டும் என்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. எந்தப் பொருள் என்பதை அதற்கு உரியவர்தான் சொல்ல வேண்டும்.

இதை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. நம் தெருவை வரைய வந்தவர்கள் பெரும்பாலும் எதை வரைய வேண்டும் என்று முன்பே முடிவு செய்துகொண்டுதான் வந்தார்கள். கிழிந்த கூரை, துடைப்பம், பறை, அழுக்குச் சட்டைக் குழந்தை. இரக்கத்தோடு வரைந்தாலும் இதுதான் நீ என்று சொல்லிவிட்டுப் போகிற படங்கள் அவை. அதே வீட்டில் கேட்டுப் பாருங்கள். மகளின் கல்லூரி அடையாள அட்டையை எடுத்து வருவார்கள். ராணுவத்தில் இருந்த தாத்தாவின் டிரங்குப் பெட்டியைக் காட்டுவார்கள். கூட்டத்துக்குப் போனபோது வாங்கி வந்த அம்பேத்கர் படத்தைச் சுவரில் இருந்து இறக்குவார்கள். வீட்டுமனைப் பட்டாவை பாலிதீன் பையில் இருந்து பிரிப்பார்கள்.

பறையையே எடுத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் அது பெருமை. மேடை ஏறி அடிக்கும் பேரனுக்கு அது கலை. அடுத்த வீட்டில், சாவுக்கு அடிக்கக் கூப்பிட்டபோது வர மாட்டேன் என்று மறுத்து அடிபட்டவர் இருக்கலாம். அவருக்கு அந்தப் பறையைத் தூக்கி எறிந்ததுதான் வாழ்வின் பெருமை. இருவரில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்லும் வேலை ஓவியருக்கு இல்லை. முதல் வீட்டில் பறையை வரையட்டும். இரண்டாவது வீட்டில் அவர் கொடுக்கும் வேறு பொருளை வரையட்டும். எதுவும் தர விருப்பமில்லை என்றால் அதையும் மதித்துத் திரும்பட்டும்.

அம்பேத்கரிடமே இதற்கு வழிகாட்டல் உண்டு. நாக்பூர் அருகே சிஞ்சோலியில் உள்ள அருங்காட்சியகத்தில் அவர் அணிந்த உடைகள், தட்டச்சு இயந்திரம் முதலியவை பாதுகாக்கப்படுகின்றன. கோட்டு, பேனா, புத்தகம் என்று தன்னை எந்தப் பொருட்களோடு உலகம் பார்க்க வேண்டும் என்பதை அவரே தீர்மானித்தார். அவர் சிலைகளின் கையில் இன்றும் புத்தகம் இருப்பது அதனால்தான்.

போனில் படம் எடுத்தால் போதாதா?

மாணவர்கள் இப்படிக் கேட்பார்கள். எடுக்கலாம், தவறில்லை. ஆனால் போனில் எடுக்க ஒரு நொடி போதும். வாசலில் நின்றே எடுத்துவிட்டுப் போகலாம். வரைவதற்கு ஒரு மணி நேரமாவது உட்கார வேண்டும். வீட்டுக்குள் வர வேண்டும், தரையிலோ கட்டிலிலோ அமர வேண்டும், கொடுக்கும் தண்ணீரையும் டீயையும் வாங்கிக் குடிக்க வேண்டும். சாதி வேலி போட்டிருப்பது இந்த இடங்களில்தான் என்பதை நாம் அறிவோம். வரைந்து முடிப்பதற்குள் பேச்சு வளரும். முதலில், ‘இது என்ன, பழைய சாமான்’ என்பவர், நெளிந்த இடத்தைக் கோடு தொடும்போது, அது எப்படி நெளிந்தது என்று சொல்ல ஆரம்பிப்பார். அந்தக் கதைக்காகத்தான் இவ்வளவும்.

‘வேலைக்கே வழியில்லை, சுடுகாட்டுக்குப் பாதையில்லை, இதில் ஓவியம் ஒரு கேடா?’ என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். ஓவியம் பட்டா ஆகாது. பாதை வாங்கித் தராது. அதற்கான போராட்டம் அப்படியே நடக்க வேண்டும். ஆனால் பாதைக்காக மனு எழுதும் பிள்ளைக்குத் தன் தாத்தா செருப்புப் போட்டு நடக்க என்ன பாடுபட்டார் என்று தெரிந்திருந்தால், அந்த மனுவில் கெஞ்சல் இருக்காது. பாடப்புத்தகத்தில் தன் தெரு இல்லாத பிள்ளைக்கு இது ஒரு கூடுதல் பாடம்.

எப்படிச் செய்யலாம்?

இதற்குப் பெரிய செலவு இல்லை. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் உள்ளன. அங்கே படிக்கும் நம் பிள்ளைகள் விடுமுறைக்கு ஊருக்கு வருகிறார்கள். ஒரு தெருவில் இருபது வீடு, இருபது தாள், ஒரு பென்சில். ஓவியம் படிக்காதவர்களும் செய்யலாம். யாழ்ப்பாணத்தில் வீட்டை வரைந்தவர்களும் படித்தவர்கள் அல்லவே.

சில ஒழுங்குகள் மட்டும் தேவை. பொருளை வீட்டை விட்டு வெளியே எடுத்துப் போகக் கூடாது. கதையை அவர்கள் பேசும் பேச்சிலேயே எழுத வேண்டும். திருத்திச் செந்தமிழ் ஆக்கக் கூடாது. எழுதியதை அவர்களிடம் வாசித்துக் காட்ட வேண்டும். பெயர் போடலாமா என்று கேட்க வேண்டும். அசல் ஓவியம் வீட்டுக்காரருக்கே சேர வேண்டும். வரைந்தவர் நகல் வைத்துக்கொள்ளலாம். ஆண்களின் பொருட்களோடு நின்றுவிடக் கூடாது. நாற்று நட்ட கையும் சித்தாள் வேலை பார்த்த கையும் எதைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கின்றன என்று பெண்களிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

பள்ளிகளில் செய்யும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பில் எல்லார் முன்னும் வீட்டுப் பொருளைக் கொண்டு வரச் சொன்னால் அது சில பிள்ளைகளின் சாதியையும் வறுமையையும் அம்பலப்படுத்திவிடும். யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள். எதைக் காட்டுவது என்பதைப் பிள்ளைகளிடமே விடுங்கள். ஊர்த்தெருப் பிள்ளையும் காலனிப் பிள்ளையும் ஒருவர் பொருளை மற்றவர் வரைந்து, ஒருவர் கதையை மற்றவர் எழுதினால், சமத்துவம் பற்றிய எந்தக் கட்டுரைப் போட்டியை விடவும் அது அதிகம் கற்றுத் தரும்.

காட்சிக்கு வைக்க நகரத்துக் கூடம் தேவையில்லை. அம்பேத்கர் படிப்பகம் இருக்கிறது, சமுதாயக்கூடம் இருக்கிறது. ஏப்ரல் 14 அன்று மாலை போட்டுவிட்டுக் கலைவதற்குப் பதில், அந்த நாளில் தெருவின் இருபது ஓவியங்களையும் கயிற்றில் கிளிப் போட்டு மாட்டலாம். தன் பாட்டியின் அண்டாவை ஊரே நின்று பார்ப்பதை ஒரு பிள்ளை பார்க்கட்டும்.

இதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போட வேண்டாம். வீடு இடித்துக் கட்டும்போது பரணில் கிடந்தவை பழைய இரும்புக்காரரின் தராசுக்குப் போய்விடுகின்றன. கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு நாமே ஏற்றி விடுகிறோம். அண்டா போனால் நினைவாவது மிஞ்சும். அந்த அண்டா எப்படி வீட்டுக்கு வந்தது என்று தெரிந்த கடைசி மனுஷியும் போய்விட்டால், பிறகு யாரைப் போய்க் கேட்பது? இந்த விடுமுறையில் உங்கள் அப்பத்தாவிடமோ அம்மாயியிடமோ ஒரு தாளோடு போய் உட்காருங்கள்.