சும்மா தடிமன்தானே?

"சும்மா தடிமன்தானே, மல்லித் தண்ணி குடிச்சாச் சரி." கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரை எந்த ஆஸ்பத்திரி வரிசையில் நின்றாலும் காதில் விழும் கதை இது. நோயாளி மட்டுமா சொல்றார்? இருமிக்கொண்டே டியூட்டிக்கு வரும் ஊழியரும் இதையேதான் சொல்றார். ஆனா பழி மட்டும் "விளக்கமில்லாத சனம்" தலையில.

நம்மட சனம் ஊசிக்குப் பயந்ததில்ல. தடுப்பூசி அட்டையைப் பத்திரமா வச்சு, தவணை தவறாம பிள்ளையைக் கிளினிக்குக்குத் தூக்கிப் போன உம்மாமாராலும் அம்மாமாராலும்தான் 1993க்குப் பிறகு இலங்கையில் போலியோ இல்லை.

ஃப்ளூ ஊசி அந்தத் தேசிய அட்டவணையிலேயே இல்லை. தனியாரிடம் காசு கொடுத்துப் போடணும். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் வருஷா வருஷம் போடணும். கடலுக்குப் போனால்தான் உலை கொதிக்கும் வீட்டில் இது நடக்கிற காரியமா?

கர்ப்பிணிகள், முதியோர், நீண்டகால நோயாளர் ஆகியோரோடு சுகாதார ஊழியருக்கும் இந்த ஊசி வேண்டும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். காரணம் எளிது: ஊழியரின் "சும்மா தடிமன்" அடுத்த கட்டிலில் கிடக்கும் ஆஸ்துமாக்காரருக்கு நியூமோனியாவாக முடியலாம். "ஊசி போட்டாத்தான் ஃப்ளூ வரும்" என்பதும் வெறும் கதை. ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸ், அதால் ஃப்ளூ வராது.

இலங்கையில் ஃப்ளூ கூடும் காலம் ஏப்ரல் முதல் ஜூன், நவம்பர் முதல் ஜனவரி. இது தெரிந்த விஷயம். அதற்கு முன்பே ஊழியருக்கும் ஆபத்தில் இருப்போருக்கும் இலவசமாக ஊசி போடுங்க. காய்ச்சலோடு இருக்கும் ஊழியரை லீவில் அனுப்புங்க. வாசலில் மாஸ்க் வைங்க, அறிவித்தலைத் தமிழிலும் ஒட்டுங்க.

அதுக்குப் பிறகு சனத்துக்கு விளக்கம் சொல்ல வாங்க.